எண்ணை விட்டு வரிசையைப் பிடித்தவர்கள்

கணக்கின் கதை – 17

உயர்தர முடிவு வந்த அன்று கல்முனைக்குடித் தெருவில் ஒரு பிள்ளை அகப்பட்டால் அதன் இசட் புள்ளியை எவரும் கேட்பதில்லை. "மாவட்டத்துல எத்தனையாவது மனே?" என்றுதான் கேட்பார்கள். பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளி நான்கு தசம தானம் வரை இருக்கும். அதைக் கண்ணால் ஒரு தடவு தடவிவிட்டு, விரல் நேரே மாவட்ட நிலைக்குப் போய் நிற்கும். 1.8 என்றால் என்ன என்று வாப்பாவுக்கு விளங்காது. 40ஆவது என்றால் உடனே விளங்கும்: முன்னால் 39 பேர்.

அந்த விரல் போகும் வழியில்தான் இந்த அத்தியாயமும் போகிறது. அளந்தெடுத்த எண்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, யார் முன்னால் யார் பின்னால் என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கூட்டங்களை ஒப்பிட முடியுமா? முடியும் என்று 1945இல் நான்கே பக்கத்தில் எழுதிக் காட்டினார் ஒருவர். அவர் கணித மேதை இல்லை, பூச்சிமருந்துக்காரர்.

போன அத்தியாயத்தில் கின்னஸ் பியர் ஆலையில் வேலைபார்த்த கொசெட்டைப் பார்த்தோம். (பியர் ஆலைக்கு ஒரு முழுப் பக்கமா என்று ஜும்ஆ முடிந்து வரும்போது ஒரு ஹாஜியார் பிடித்துக்கொண்டார். ஆலை எப்படியோ, கணக்கு ஹலால்தான் என்று சொல்லித் தப்பினேன்.) 1908இல் அவர் தொடக்கிவைத்த 'டி' சோதனை இரண்டு கூட்டங்களின் இடைகளை எடுத்து, அவற்றுக்கிடையிலான வித்தியாசம் தற்செயலாய் வந்ததா என்று பார்க்கும். அருமையான கருவி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்கள் மணி வடிவில், நம் பாடப் புத்தகம் செவ்வன் பரம்பல் என்று சொல்கிற அந்த ஒழுங்கில் பரந்து கிடக்க வேண்டும். நடுவில் கூட்டமாய், ஓரங்களில் அருகலாய்.

கடலுக்கு இந்த நிபந்தனை தெரியாது. சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து நாள் வலை சும்மா ஏறும். கொஞ்சம் சூடை, கொஞ்சம் குப்பை. ஆறாம் நாள் கீரிக் கூட்டம் பட்டால் லொறி பிடிக்க ஆள் ஓடும். அந்த ஆறு நாளுக்கும் சராசரி போட்டால் ஓர் எண் வரும்தான். ஆனால் அந்த ஆறு நாளில் எந்த ஒரு நாளும் அந்த எண்ணைப் போல இருந்திருக்காது. பக்கத்து வலைக்காரருக்குத் தினமும் நடுத்தரமான பாடு என்று வையுங்கள். எந்த வலை நல்ல வலை? சராசரி கீரி பட்டவனைக் காட்டும். வலை இழுத்த கூலிக்காரன் மற்றவனைக் காட்டுவான்.

இப்போது கிலோவை மறந்துவிடுங்கள். இரண்டு வலைக்குமான 12 நாளையும் ஒன்றாய்க் கலந்து, ஆகக் குறைந்த பாட்டுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று கூடிய பாட்டுக்கு 12 வரை இலக்கம் போடுங்கள். லொறி நிறைந்த நாளுக்குக் கிடைப்பது 12. அதற்கு அடுத்த நாளுக்கு 11. அவ்வளவுதான். ஒரு லொறி மீனும் ஒரு படிதான் உயர்ந்தது. ஒரு நாள் அதிர்ஷ்டம் மற்ற நாட்களின் வாயை அடைக்க முடியாது.

சொன்னால் சின்னப் பிள்ளைக் கணக்குப் போல இருக்கிறது. இதை ஒரு சோதனையாக்க இருபதாம் நூற்றாண்டில் பாதி போயிற்று.

பிராங்க் வில்கொக்சன் 1892 செப்டெம்பரில் அயர்லாந்தின் கோர்க் பகுதியில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர், வசதியானவர்கள். மகன் அந்த வசதிக்குள் அடங்கி இருக்கவில்லை. கொஞ்சக் காலம் கப்பலில் ஊழியம், பிறகு எண்ணெய்க் கிணற்றில், பிறகு மரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை என்று சுற்றித் திரிந்துவிட்டு, பிறகுதான் ஒழுங்காய்ப் படிக்கப் புறப்பட்டார். 1924இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பௌதிக இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம். அடுத்த வருடமே நியூ யோர்க்குக்கு அருகே யொங்கர்ஸில் உள்ள பொய்ஸ் தொம்சன் தாவர ஆய்வு நிறுவனத்தில் வேலை. பயிரில் விழும் பூஞ்சணத்துக்கு என்ன மருந்து, பூச்சிக்கு என்ன மருந்து என்பதுதான் தொழில்.

1925இல் ரொனால்ட் பிஷரின் புத்தகம் வந்தது. ஆய்வுகூடத்தில் வேலைசெய்கிறவர்களுக்கான புள்ளிவிபர நூல். வில்கொக்சனும் உடன் வேலைபார்த்த வில்லியம் யூடனும் வேறு சிலரும் கூடி உட்கார்ந்து அதைப் படித்தார்கள். மூவர் நால்வராய்க் கூடி ஒரு கடினமான கிதாபை வரி வரியாய் ஓதுவது நமக்குப் பழக்கமான காட்சிதான். அந்த வட்டத்திலிருந்து இரண்டு இரசாயனக்காரர் புள்ளிவிபரவியலாளராய் எழும்பி வந்தார்கள்.

இங்கே ஒரு சின்ன ஒதுங்கல். 1892 மார்ச்சில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரும் விஞ்ஞானம் படித்து, கொழும்பில் இரசாயனம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது தலைமை தாங்கினார். 1947 ஜூனில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். வில்கொக்சனுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆண்டைத் தவிர. ஆனாலும் இந்தச் சோதனைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைதீவு ஞாபகம் வருகிறது. மாவட்ட நிலை, தீவு நிலை என்று நாம் ஏற்கனவே சொல்கிறோம். அதனால் 'நிலைக்கூட்டல் சோதனை' என்றே எழுதப்போகிறேன். அவர் இருந்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று தந்திருப்பார்.

1943இல் வில்கொக்சன் அமெரிக்கன் சயனமிட் கம்பனிக்குப் போனார். பெயர் கேட்காதது போல இருக்கும். சாமானைச் சொன்னால் தெரியும். 1950இல் மலத்தியனைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பனி அது. டி.டி.டிக்கு நுளம்பு பழகிப்போன பிறகு, 1970களின் பிற்பகுதியில் இலங்கையில் மலேரியாவுக்கு அடித்தது மலத்தியன்தான். மருந்தடிக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் உம்மா சட்டி பானை, பாய், தலையணை எல்லாவற்றையும் முற்றத்துக்கு இறக்குவா. சுவரில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அந்த வாடை போக நாளாகும்.

அப்படியான மருந்துகளைச் சோதிக்கும் இடத்தில் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஈக்களை அடைத்து மருந்தைத் தெளிப்பார்கள். எத்தனை செத்தது என்று எண்ணி நூற்றுவீதம் போடுவார்கள். அதே மருந்தைத் திரும்பத் திரும்ப. பிறகு அடுத்த மருந்து. ஒவ்வொரு சோடி மருந்துக்கும் இடை, வர்க்கம், நியமவிலகல், வர்க்கமூலம். கல்குலேட்டர் பையில் வராத காலம். மேசையில் கிடக்கும் இரும்பு யந்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை நோகும். இடையில் ஒரு தடவை ஏதோ கோளாறில் ஒரு எண் தாறுமாறாய் வந்தால், அது மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடும். விரைவாக, ஓரளவு சரியாக, ஒரு முடிவு தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

1945 டிசெம்பரில் 'பயோமெட்ரிக்ஸ் புலட்டின்' சஞ்சிகையில் அவர் கட்டுரை வந்தது. 80ஆம் பக்கத்தில் தொடங்கி 83இல் முடிகிறது. அதில் உள்ள உதாரணத்தை நாமே செய்து பார்ப்போம். கடதாசியும் பென்சிலும் போதும்.

ஈ மருந்து இரண்டு. ஒவ்வொன்றும் எட்டுத் தடவை அடிக்கப்பட்டது. செத்த ஈக்களின் நூற்றுவீதம், முதல் மருந்துக்கு: 68, 68, 59, 72, 64, 67, 70, 74. இரண்டாவதுக்கு: 60, 67, 61, 62, 67, 63, 56, 58.

பதினாறையும் கலந்து வரிசைப்படுத்துங்கள். ஆகக் குறைந்தது 56, அதற்கு 1. பிறகு 58க்கு 2, 59க்கு 3. இப்படியே போனால் 67 மூன்று தடவை வந்து நிற்கும். 9, 10, 11 என்ற மூன்று இடத்தையும் அவை பிடிக்கின்றன. சண்டை வேண்டாம், மூன்றுக்கும் 10 கொடுங்கள். 68 இரண்டு, இரண்டுக்கும் 12.5. கடைசியில் 74க்கு 16. இனி அந்தந்த மருந்தின் நிலைகளைக் கூட்டுங்கள். முதல் மருந்துக்கு 91 வரும். இரண்டாவதுக்கு 45. சரிதானா என்று பார்க்க, 1 முதல் 16 வரை கூட்டினால் 136. 91ம் 45ம் 136தான்.

மருந்துகளில் வித்தியாசமே இல்லை என்று வைத்தால் இரண்டு கூட்டலும் 68க்கு அண்மையில் வந்திருக்க வேண்டும். 45 என்பது எவ்வளவு தூரம்? இந்த இடத்தில்தான் அவரது கெட்டித்தனம். ஒரு தொப்பியில் 1 முதல் 16 வரை எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எட்டை எடுக்கிறீர்கள். எடுக்கக்கூடிய விதங்கள் 12,870. அவற்றில் எத்தனை விதத்தில் கூட்டல் 45 அல்லது அதற்குக் கீழே வரும், மறுபக்கத்தில் அதே அளவு மேலே வரும் என்று எண்ணலாம். ஈயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ மணி வடிவத்தைப் பற்றியோ ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. எண்ணிப் பார்த்தால் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. முதல் மருந்து மெய்யாகவே கூடக் கொல்கிறது என்று நம்பலாம்.

இவ்வளவு எளிமையான ஒன்றை யாரோ முன்பே செய்திருப்பார்கள் என்று வில்கொக்சன் நூலகத்தில் தேடினார், கிடைக்கவில்லை, சஞ்சிகைக்கு அனுப்பினால் அவர்களாவது யார் செய்தது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தே அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. கதை மெய்யோ என்னவோ, அவர் சந்தேகம் மெய். யாரோ முன்பே செய்திருந்தார்கள்.

ஜேர்மனியில் குஸ்தாவ் டொய்க்லர் என்ற கல்வி உளவியலாளர் 1914இலேயே இதே யோசனையை ஒரு கல்விச் சஞ்சிகையில் எழுதியிருந்தார். விலகலைக் கணக்கிடுமிடத்தில் ஒரு பிழை விட்டிருந்தாலும் அடிப்படை சரி. அந்த வருடம் முதலாம் உலகப் போர் மூண்டது. கட்டுரை தூசிக்குள் போனது. 1957இல் புள்ளிவிபரவியலாளர் வில்லியம் குருஸ்கல் இந்தச் சோதனையின் பழைய வரலாற்றைத் தேடிப் புறப்பட்டபோதுதான் அது வெளியே வந்தது. டொய்க்லர் பின்னாளில் ஹம்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர், நாஜிக் கட்சியின் ஆள்.

இதை அடுத்துச் செப்பனிட்டவரோ வியன்னாவில் பிறந்தவர்: ஹென்றி மான். ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். எண் கோட்பாட்டில் பலர் முட்டி மோதிக்கொண்டிருந்த ஒரு புதிரை 1942இல் அவிழ்த்து, அதற்காக 1946இல் கோல் பரிசும் பெற்றவர். ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் டொனால்ட் விட்னி. இருவரும் 1947இல் எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை வில்கொக்சன் விட்ட இடத்தைத் தொட்டது. அவர் முறைக்கு இரண்டு கூட்டமும் ஒரே அளவாய் இருக்க வேண்டும்: எட்டுக்கு எட்டு. இவர்கள் எட்டுக்கு ஐந்து என்றாலும் பரவாயில்லை என்றார்கள். இந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்பதையும் கணிதமாய் நிறுவினார்கள்.

எண்ணும் முறையையும் மாற்றினார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. நிலைகளைக் கூட்டுவதை விட்டு, மல்லுக்கட்ட விடுகிறார்கள். முதல் மருந்தின் ஒவ்வொரு எண்ணும் இரண்டாவதின் ஒவ்வொரு எண்ணோடும் ஒரு தடவை மோதட்டும். எட்டும் எட்டும், 64 மோதல். நம் ஈ மருந்தில் 74, 72, 70, இரண்டு 68, இந்த ஐந்தும் எல்லாரையும் விழுத்திவிடுகின்றன. 59 மட்டும் ஆறு பேரிடம் அடி வாங்குகிறது. 64 இரண்டு பேரிடம். 67 இரண்டு மோதலில் சமம்; சமத்துக்கு அரைப் புள்ளி. ஆக 55க்கு 9. அந்த 9தான் 'யூ'. வில்கொக்சனின் 45இலிருந்து, 1 முதல் 8 வரையான கூட்டுத்தொகை 36ஐக் கழித்தாலும் 9. இரண்டு பாதை, ஒரே ஊர்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் கணினியில் இந்தச் சோதனையைப் போட்டால் விடையில் மான்-விட்னி யூ என்று ஒரு எண்ணும், வில்கொக்சன் டபிள்யூ என்று ஒரு எண்ணும், அடியில் இசட் என்று ஒன்றும் வந்து விழும். "எதை எழுதுற சேர்?" என்று கேட்கிறார்கள். இசட்டைக் கண்டதும் ஒரு பிள்ளை முகம் சுளித்தது. உயர்தரத்தோடு விட்டது என்று நினைத்ததாம். அதே இசட்தான். எதிர்பார்த்த இடத்திலிருந்து எத்தனை நியமவிலகல் தள்ளி நிற்கிறோம் என்பது. இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பத்துக் கட்டுரையில் எட்டில் இந்தப் பிழை இருக்கிறது: இது இடையங்களை ஒப்பிடும் சோதனை இல்லை. இரண்டு பரம்பலும் ஒரே வடிவமாய் இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் அப்படிச் சொல்லலாம். இல்லாவிட்டால் அது சொல்வது மோதலின் கதையை மட்டுமே.

அந்தக் காலத்தில் இந்த யோசனை காற்றில் இருந்தது போலும். 1946இல் உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் தனியாய் இதற்கு வந்து சேர்ந்தார். 1952இல் ரொடீசியாவின் விவசாயச் சஞ்சிகை ஒன்றில்கூட ஒருவர் இதே சோதனையை எழுதினார். 1948இல் ஜே.பி.எஸ். ஹோல்டேனும் செட்ரிக் ஸ்மித்தும் வந்த வழி விசேஷமானது. ஒரு குடும்பத்தில் நோய் மூத்த பிள்ளைகளைத் தாக்குகிறதா, கடைக்குட்டிகளைத் தாக்குகிறதா என்பது அவர்கள் கேள்வி. நோய் வந்த பிள்ளை எத்தனையாவது என்ற இலக்கங்களைக் கூட்டினார்கள். பிறப்பு வரிசை என்பது இயல்பாகவே நிலைதானே, அதை அளக்க ஒன்றுமில்லை. இந்த ஹோல்டேன் 1957இல் பிரித்தானியாவை விட்டுக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்துக்கு வந்து, 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர்.

சோதனை பரவத் தொடங்கியதும் பெரிய தலைகள் மூக்கைச் சுளித்தன. அளந்த எண்ணைத் தூக்கி எறிவது ஊதாரித்தனம் இல்லையா? எவ்வளவு இழக்கிறோம்? தஸ்மானியாவில் இருந்த எட்வின் பிட்மன் கணக்குப் பார்த்தார். தரவு மெய்யாகவே செவ்வன் பரம்பலாய் இருந்தாலும் இழப்பு நூற்றுக்கு ஐந்துக்குள்: 'டி' சோதனைக்கு 95 மாதிரி தேவைப்படும் இடத்தில் இதற்கு ஏறக்குறைய 100. 1956இல் ஹொட்ஜஸும் லேமனும் அடுத்த படி போனார்கள். பரம்பல் எப்படி இருந்தாலும், இடம் மட்டும் பெயர்ந்த இரண்டு கூட்டங்களுக்கிடையில், இழப்பு நூற்றுக்கு 14ஐத் தாண்டாது. லொறி மீன் போன்ற நீண்ட வால் உள்ள தரவில் லாபமே வரும். அதற்கு மேல் எல்லையும் இல்லை. அவசரத்துக்கு உதவும் கைவைத்தியம் என்று வில்கொக்சன் தந்தது பெரிய வைத்தியமாகவே நின்றுவிட்டது.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதைத்தான் நம் நாடு நீதிமன்றப் படியேறிப் படித்தது. இரண்டு கூட்டத்தையும் கலந்து ஒரே வரிசையில் நிறுத்துகிறோம் என்றால், இரண்டையும் அளந்த கோல் ஒன்றாய் இருக்க வேண்டும். முதல் மருந்தைத் திடமான ஈக்களுக்கும் இரண்டாவதை நோஞ்சான் ஈக்களுக்கும் அடித்திருந்தால் 91ம் 45ம் வெறும் எண்கள்.

பேராதனைப் பேராசிரியர் தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்தது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து நியமவிலகலால் பிரிப்பது, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பது. பௌதிகவியல் கடினமான வருடத்தில் அந்தக் கடினம் பிள்ளையின் தலையில் விழாமல் இது காத்தது. 2011இல் சிக்கல் வந்தது. முதல் தடவை எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம்; மீண்டும் எழுதியவர்களுக்குப் பழைய பாடத்திட்டம். வினாத்தாள் வேறு வேறு. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாய்ப் போட்டு இசட் புள்ளி கணித்தார்கள். எந்தக் கூட்டத்துக்கு வாசி என்று பல மாதம் பத்திரிகைகளில் பேராசிரியர்களே மோதினார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது: இவை இரண்டு தனித்தனிக் குடித்தொகைகள், தனித்தனியாகவே கணிக்க வேண்டும். புள்ளிவிபரவியல் வகுப்பின் முதல் பாடம் ஒன்று தீர்ப்பாக எழுதப்பட்ட நாள் அது.

தேநீர்க் கடையில் எல்லாரும் அன்று புள்ளிவிபரவியலாளர்கள்தான். "ரெண்டு படியால அளந்த நெல்ல ஒரே சாக்குல கொட்டிட்டு எத்தன படி எண்டு கேட்டா என்னெண்டு சொல்ற?" என்று சம்மாந்துறைப் பக்கத்துப் போடியார் ஒருவர் கேட்டார். அதற்குமேல் விளக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புள்ளிகள் மீண்டும் கணிக்கப்பட்டன, நிலைகளும் மாறின. அந்த வருடப் பிள்ளைகள் பலர் வீட்டில் இன்னும் இரண்டு தாள் இருக்கிறது. அடுத்த தெருப் பிள்ளை ஒன்று பள்ளிவாசல் முன்னால் என்னிடம் அகப்பட்டபோது நானும் ஊர் வழக்கப்படியே கேட்டுவிட்டேன், மாவட்டத்தில் எத்தனையாவது என்று. "எந்தத் தாள்ல சேர்?" என்றது.